நேர்காணல்

"பென்ஷன் குடுத்தே அரசாங்கம் போண்டியாயிடும். இதை மொதல்ல மாத்தணும்," என்று செய்தியைப் பார்த்தபடி வீடே கேட்கும்படி சொன்னான் மாதவராஜ். ஓசூர் கம்பெனியில் வேலை போனதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான்.

"நேர்காணலுக்கு நேரமாச்சு, கெளம்புங்க," என்றாள் மனைவி மணிமேகலை. நெற்றியில் விபூதியும் பூசிவிட்டாள். "நல்லபடியா முடியணும். நம்ம வூட்டுச் சோறே இதுலதான் இருக்குது."

தர்மபுரி கருவூலத்தில் பெயரைக் கூப்பிட்டதும், தாய் செல்லம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனான் மாதவராஜ்.

ஊழியர் கைரேகையைச் சரிபார்த்துச் சிரித்தார்.

"உசுரோட இருக்கீங்க, நேர்காணல் முடிஞ்சுதுங்கம்மா. உங்க வூட்டுக்காரர் பென்ஷன் தடையில்லாம வரும்."

வெளியே வந்தும் மாதவராஜ் தாயின் கையை விடவில்லை.

"அம்மா, நீ நூறு வயசு இருக்கணும்."

"அரசாங்கம் தாங்குமாடா?" என்றாள் செல்லம்மாள்.