நான்கில் மட்டும் சுற்றிய ஃபேன்

மலைப்பாதையில் ஓடும் பழைய டாக்ஸி ஒன்றில் ஹீட்டர் ஃபேன் இருந்தது. சில நாட்களாக சுவிட்சை ஒன்று, இரண்டு, மூன்றில் வைத்தால் அது அசைவதே இல்லை. நான்கில் வைத்தால் மட்டும் பேய் பிடித்தது போல் சுற்றும்.

“அதட்டினாத்தான் வேலை செய்வியா?” என்று சுவிட்ச் கேட்டது.

ஃபேன் களைத்துப்போயிருந்தது. நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடி அதன் உடம்பெல்லாம் வலித்தது. கோளாறு தன்னிடம்தானோ என்று அதற்கே சந்தேகம் வந்துவிட்டது. யாராவது கழற்றிப் போட்டால்கூட நிம்மதிதான் என்று நினைத்தது.

அப்போது பக்கத்தில் இருந்த ரெசிஸ்டர் மெல்லப் பேசியது.

“உன் மேல தப்பில்ல. வர்ற கரண்ட்ல கொஞ்சத்தை நான் வாங்கிக்கிட்டாத்தான் நீ மெதுவா சுத்த முடியும். வாங்கினதெல்லாம் எனக்குள்ள சூடாயிடும். உன் காத்து பட்டுத்தான் இத்தனை நாள் தாங்கினேன். இப்போ என் கம்பி கருகி அறுந்துபோச்சு. நாலுக்கு மட்டும் நான் தேவையில்ல, கரண்ட் நேரா உன்கிட்ட வந்துடும்.”

“ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீயே களைச்சுப்போய் இருந்த.”

மறுநாள் மெக்கானிக் அந்த ரெசிஸ்டரைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டுப் புதியது ஒன்றை மாட்டினார். சுவிட்சை ஒன்றில் வைத்ததும் ஃபேன் நிதானமாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே புதிய ரெசிஸ்டரிடம், “ரொம்பச் சுடுதா?” என்று கேட்டது.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ பாட்டுக்குச் சுத்து.”

ஃபேன் நம்பவில்லை. மலை இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தது.