வீட்டுக்கு ஒரே உத்தரவாதம்

வீடியோ விளையாட்டுக் கருவியின் மூடியில் ஒட்டியிருந்த நிறுவன முத்திரையின் மீது ஹேர் டிரையரைப் பிடித்திருந்தான் இளம்பரிதி. உள்விசிறியில் தூசி அடைத்திருக்கிறது, துடைத்தால் போதும். நிறுவனத்திற்கு அனுப்பினால் திரும்பிவர ஒரு மாதமாகும். அதில் அப்பா ஆடவேண்டிய இறுதிப் போட்டியோ இன்று மாலை.

"வேண்டாங்க," என்றாள் மனைவி மகிழினி. "வீடு முழுசுக்கும் ஒரே வாரன்ட்டி. ஸ்டிக்கர் கிழிஞ்சா, மாமா நெஞ்சைத் துடிக்க வைக்கிற மெஷினுக்கும் சேர்த்துப் போயிரும்."

"சூடு பண்ணுனா முழுசா வந்துரும், மகிழ்."

"பேசாம உரிடா," என்று சோபாவிலிருந்து அதட்டினார் அப்பா. "இன்னிக்கு நான் வரலைன்னா அந்தச் சேலத்துக்காரன் என்னையப் பயந்தாங்கொள்ளின்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

முத்திரை மெல்ல எழும்பியது. பாதி வந்தபின் அதன் ஓரம் நூலிழை அளவு கிழிந்தது.

அப்பாவின் சட்டைக்குள்ளிருந்து ஓர் இனிய பெண்குரல் பேசியது. "இவ்வீட்டின் உத்தரவாதம் முடிவுற்றது. இக்கருவியின் சேவை நாளைக் காலை நிறுத்தப்படும். எங்களோடு இணைந்திருந்தமைக்கு நன்றி."

மகிழினி வாயைப் பொத்திக்கொண்டாள். இளம்பரிதியின் கையிலிருந்த ஹேர் டிரையர் வெறுங்காற்றைச் சுட்டுக்கொண்டிருந்தது.

அப்பா குனிந்து தம் மார்பைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி, அந்தத் தூசிய மொதல்ல தட்டுடா. கை பழகட்டும்," என்றார். "விடியறதுக்குள்ள இதையும் நீதான் தொறக்கணும்."