ஆறவைத்த டீ

ஆவடி குவார்ட்டர்ஸ் சன்னலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. நனைத்து ஆறவைத்த இரண்டு டிப் டீ பைகளைக் கண்கள்மேல் வைத்துக்கொண்டு மதிவதனி பாயில் மல்லாந்து படுத்திருக்கிறாள். நேற்று மாலை பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி தினகரன் அவளைத் திட்டித் தீர்த்ததில், அழுதழுது மனைவியின் இமைகள் வீங்கிவிட்டன. இன்றைக்கு நசரத்பேட்டையில் அவள் தங்கைக்கு நிச்சயதார்த்தம். "வீக்கம் வத்திச்சா பாரு," என்கிறாள். அவன் குனிந்து பைகளை எடுக்கிறான். "இன்னும் கொஞ்சம் கீது." "அம்மா கேட்டா ராவெல்லாம் தூக்கம் இல்லன்னு சொல்லிக்கிறேன், நீ ஒண்ணும் பேசாத. பையைக் கிழிச்சி தூள ரோஜாத் தொட்டியில போட்டுடு." வெளியே ரயிலின் ஊதல் நீண்டு ஓய்கிறது. அவள் கன்னத்தில் வழிந்த பழுப்பு நீரைக் கட்டைவிரலால் துடைக்கிறான். துடைத்த இடம் மறுபடி நனைகிறது. இம்முறை அதில் நிறமில்லை.