பாய்மரத்தடிப் பலகை

“ரீச்சர், நீங்கள் நடுவில வாங்கோ.”

இன்னாசித்தம்பி அப்படிக் கூப்பிட்டதும் வள்ளத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

மார்கிரட் தலை குனிந்தபடி எழுந்து பாய்மரத்தடிக்குப் போனாள். இன்னாசித்தம்பி தோளில் கிடந்த துவாயால் அங்கிருந்த பலகையை அழுத்தித் துடைத்தான். அவள் பாரத்தைப் பலகை தாங்குமோ என்று அவன் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

“இனி எந்தக் காத்தடிச்சாலும் இன்னாசிக்குப் பயமில்லை!” என்றார் ஆட்டுக்கடாயோடு ஏறியிருந்த கதிர்காமு.

“சும்மா இருங்கோ அண்ணை, ரீச்சர் வெக்கப்படுறா,” என்றாள் யாழ்ப்பாணத்துக்கு நெய் கொண்டுபோகும் பார்வதிப்பிள்ளை. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

மார்கிரட் நாரந்தனைக்காரி. நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகவும் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரவும் இன்னாசித்தம்பியின் வள்ளம்தான். முதல் தவணையில் எல்லாரையும்போல விளிம்பில்தான் இருந்தாள். பிறகுதான் இந்தக் கூப்பிடல் தொடங்கியது.

ஆசிரியர் கலாசாலையில் அவளுக்கு ‘நெல்லுமூடை’ என்று பெயர். அப்போதும் அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை. சொல்ல வேண்டியது எப்போதும் பிறகுதான் நினைவுக்கு வரும். அதைத் தனக்குள்ளேயே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அடுத்த தேகாப்பியாசப் பாடத்தில் வேப்பமர நிழலில் தான் வழக்கமாக உட்காரும் கதிரையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளைகளோடு தானும் குனிந்தாள், நிமிர்ந்தாள், துள்ளினாள்.

“ரீச்சருக்கு மூச்சு வாங்குது!” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

“வாங்கட்டும். நீர் கையை நேராப் பிடியும்.”

விடியற்காலைகளில் கடற்கரையோரமாக வேகமாக நடந்தாள். அங்கே மேயும் குதிரைகள் முதலில் அவளைக் கண்டு விலகி ஓடின. பிறகு தலையைக்கூட உயர்த்தாமல் மேய்ந்தன. தொளதொளத்துப்போன சட்டைகளைப் பிடித்துத் தைத்தாள். சில மாதம் போக, மறுபடியும் பிடித்துத் தைத்தாள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில், ஆசிரியைகளின் ஓட்டத்தில், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி இரண்டாவதாக வந்தாள். அதிபரே எழுந்து நின்று கைதட்டினார்.

வள்ளத்தில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. அதே “நடுவில வாங்கோ”, அதே துவாய், அதே சிரிப்பு.

ஊரெல்லாம் கண்டது. அவன் கண்ணுக்கு மட்டும் அவள் இன்னும் நெல்லுமூடைதான். அவன் காணாதது ஏன் அவ்வளவு நோகிறது என்று மார்கிரட் தன்னைக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஒருவர் கையையும் பிடிக்காமல் வள்ளத்தில் தாவி ஏறி விளிம்பில் இருந்தாள்.

“நடுவில வாங்கோ, ரீச்சர்.”

“ஏலாது.”

இன்னாசித்தம்பி துவாயோடு நின்றான்.

“அந்த இடம் எனக்கு வேண்டாம். வேற ஆரையும் கொண்டுவந்து இருத்தும். எல்லாரும் சிரிக்கச் சிரிக்க என்னை இனிக் கூப்பிடாதையும்.”

குரல் நடுங்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வள்ளத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கதிர்காமு ஆட்டுக்கடாயின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னாசித்தம்பி ஈரமே இல்லாத துவாயை ஒருமுறை பிழிந்தான்.

“சரி, ரீச்சர்,” என்றான்.

அன்று அலையடித்து அவள் முழுக்க நனைந்தாள். நனைந்தது பிடித்திருந்தது. முதல்முறையாக, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லியிருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. வள்ளம் எவ்வளவு நெரிசலானாலும் பாய்மரத்தடி வெறுமையாகவே கிடந்தது. ஏதாவது சொல்வானோ என்று அவள் சில வேளைகளில் திரும்பிப் பார்ப்பாள். அவன் பாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். வென்றதுபோலத்தான் இருந்தது. ஆனால் கடல் முன்னையைவிட அகலமாகிவிட்டதுபோலவும் இருந்தது.

மார்கழி நத்தார் விடுமுறை முடிந்து திரும்பிய அன்று பாய்மரத்தடியில் ஒரு பெண் இருந்தாள். குச்சிபோல உடம்பு. இன்னாசித்தம்பியின் துவாய் அவள் பக்கத்தில் கிடந்தது.

மார்கிரட்டுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. பார்வதிப்பிள்ளையின் காதருகே குனிந்தாள்.

“பாருங்கோ அக்கா, இந்தக் குச்சியையும் நடுவில இருத்தியிருக்கிறார். அவ இருந்தோ வள்ளம் சரியாமல் நிக்கப்போகுது?”

“வள்ளம் சரியிறதோ? என்ன பிள்ளை கதைக்கிறீர்?” பார்வதிப்பிள்ளை அவளை வியப்போடு பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அது தண்ணி தெறிக்காத இடம். தகப்பன்ர காலத்தில இருந்து தங்கட வீட்டுப் பொம்பிளையளைத் தவிர வேற ஒருத்தரையும் அவை அதில இருத்திறேல்லை. உம்மைக் கூப்பிடேக்க நாங்கள் அவனைப் பகிடி பண்ணித்தானே சிரிச்சனாங்கள்? நீர் எல்லாருக்கும் முன்னால வேண்டாமெண்டாப் பிறகுதான் பொடியன் ஊர்காவற்றுறையில பொம்பிளை எடுத்தவன்.”