அடுத்த ரூம் வரைக்கும்

கடையின் பின்பக்க அலமாரியில் விலை குறைந்த ஸ்பீக்கர்கள் மட்டும் தூசி படிந்து நிற்கின்றன. கண்ணாடிக் கதவு வழியாக வரும் சாயங்கால வெயில் அவற்றின் கறுப்பு வலையில் சாய்ந்து விழுகிறது. தோளிலிருந்து கல்லூரிப் பையைக்கூட இறக்காமல் நிற்கிறாள் ஒரு மாணவி. கடைக்காரர் உள்ளங்கை அகல ஸ்பீக்கர் ஒன்றைப் பாடவிட்டுக் கேட்கிறார்: “வீட்டுல எத்தனை பேரும்மா?” “இப்ப நான் மட்டும்தாண்ணா. கூட இருந்த அக்கா வேலை கிடைச்சுப் போயிட்டாங்க.” “அப்ப இந்தச் சின்னதே தாராளமாப் போதும்.” அவள் தலையாட்டுகிறாள். ஆனால் அவள் விரல் பக்கத்தில் இருக்கும் ஜோடி ஸ்பீக்கரின் தூசியில் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றின் மூலை நசுங்கியிருப்பதால் அதுவும் மலிவுதான். அந்த அக்கா இருந்தவரை சுவருக்கு அந்தப் பக்கம், அவர் ரூமில், ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். படிக்க விட மாட்டீங்களா என்று இவள் சுவரைத் தட்டுவாள். சத்தம் குறையும், கூடவே ஒரு சிரிப்பும் கேட்கும். இப்போது குழாய் சொட்டுவதுகூடக் காதில் விழுகிறது. “இதோட வயர் அடுத்த ரூம் வரைக்கும் எட்டுமாண்ணா?” “ரெண்டும் ஒரே ரூம்ல இருந்தாத்தாம்மா பாட்டு நல்லாக் கேக்கும். அந்த ரூம்ல யார் இருக்கா?” “யாரும் இல்லண்ணா.” கடைக்காரர் பாட்டை நிறுத்துகிறார். அவள் முகத்தைப் பார்க்காமல், சுருளிலிருந்து வயரை முழம் முழமாக இழுத்து அளக்கிறார். “சுவரைச் சுத்திப் போகணும்ல, கொஞ்சம் கூடவே வெட்டுறேன்” என்கிறார்.