தேடியவர்கள் பட்டியல்

அர்விடின் பட்டியலில் இந்த வருடம் ஒரு பெயர் இருந்தது.

கையிலிருந்த ரொட்டி மேசையில் விழுந்தது. பாலாடைக்கட்டி குப்புறக் கவிழ்ந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

டிசம்பர் வந்தால் படகுப் பட்டறையின் சாப்பாட்டு அறையில் இதுதான் பேச்சு. யாருடைய வருமானத்தையும் யாரும் வரித்துறையின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் தேடியவரின் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் மூன்றும் தேடப்பட்டவருக்குத் தெரிந்துவிடும். மைத்துனன் வேவு பார்த்தான், பழைய கணவன் வேவு பார்த்தான் என்று ஆளுக்கொரு புலம்பல். நார்வேயில் உடம்பை மூடத்தான் துணி இருக்கிறது, சம்பளத்தை மூட இல்லை என்பாள் கூட வேலை செய்யும் ராண்டி.

அர்விடை யாரும் தேடியதில்லை. அவரும் யாரையும் தேடியதில்லை.

ஒரே ஒரு பெயருக்காக விரல் எத்தனையோ முறை துடித்திருக்கிறது. ஆனால் இனித் தன்னைத் தேடவே கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுப் போனவள் அவள். தேடினால் அவர் பெயர் அங்கே போய் நிற்கும். ஏழு வருடம் பொறுத்துக்கொண்டார்.

இப்போது அவளே தேடியிருக்கிறாள். அவர் கண்ணில் படும் என்று தெரிந்தே.

காது மடல் சுட்டது.

ராண்டி அவர் தோளுக்கு மேல் எட்டிக் கைப்பேசியைப் பார்த்துவிட்டாள். சுன்னிவா லுண்டே, 1996, ட்ரோம்சோ.

"அடப்பாவி, தொண்ணூத்தாறா? உனக்கு அறுபது ஆகப்போகுது அர்விட். வருஷம் தப்பா விழுந்திருக்கும், நல்லாப் பாரு."

மேசையே சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணில் நீர் முட்டும்வரை.

பிறகு அவள் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினார். பொத்தானின் மேல் விரல் நின்றது. அவள் போட்ட தடை இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா?

அழுத்தினார்.

அவளுடைய வருமானம் திரையில் வந்தது. அதை அவர் படிக்கவில்லை. ட்ரோம்சோவில், அவள் பட்டியலில், இந்நேரம் அவர் பெயர் ஏறியிருக்கும்.

வருடம் தப்பே இல்லை. அந்தப் பிப்ரவரியில் பனிப்புயல் சாலையை மறித்திருந்தது. மருத்துவச்சி வந்து சேருமுன், சமையலறைத் துண்டில் அவளை முதலில் ஏந்தியது அவருடைய கைகள்தான்.