சீனிக்கு வாங்கிய பிஸ்கட்

பூனைக்கு வாங்கிய பிஸ்கட்டை நாய் தின்றால் செத்துப் போகுமா? உங்களுக்குத் தெரியுமா?

றைஸாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று காலை குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு, முக்காட்டுக்குள் போனை ஒளித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆண் ஒருவரோடு குசுகுசுத்திருக்க மாட்டாள்.

"கொஞ்சம் மெதுவாக் கதைங்க டொக்டர். என்ட மனிசன் வந்திருவார்."

"நான் மெதுவாக் கதைச்சா உங்களுக்குக் கேக்காதே தங்கச்சி," என்றார் புத்தளத்து மாட்டு டொக்டர். "விசயத்தச் சொல்லுங்க."

விசயம் வேலிக்கு அந்தப் பக்கம், மீன் வாடிக் கொட்டிலின் நிழலில் கிடந்தது. ஒரு மாதத்துக்கு முன் கண்டக்குழிக் கரையில் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த நாய். இப்போது வயிறு பூசணிக்காய். நேற்று முழுக்க வயிற்றால் போனது. இன்று எழும்பவில்லை. கையை நீட்டினால் நக்க மட்டும் செய்தது.

"குட்டி இருக்குமோ?"

"கடுவன் நாய் டொக்டர்!"

டொக்டர் சிரித்தார். றைஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாய் வந்த முதல் நாளே அவள் புருசன் முனாஸ் சொல்லிவிட்டான்: "இது வேலிக்குள்ள கால் வெச்சா வள்ளத்துல ஏத்திக்கொண்டு போய்த் தீவுல இறக்கிருவன்." முனாஸ் சொன்னால் செய்வான். தீவில் குடிக்கத் தண்ணீர்கூட இல்லை.

அவள் மூலையில் சாக்குப் போர்த்தி வைத்திருந்த வள்ள எஞ்சின் மேல் குந்தினாள். அது வெள்ளிக்கிழமை. கடலுக்குப் போகாத நாளென்று முனாஸ் நேற்றே கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தான்.

"வேற என்ன குடுக்க, டொக்டர்? வீட்டுல பூனை ஒண்டு இருக்கு, சீனி எண்டு. அதுட பிஸ்கட்டத்தான் வெச்சன். விசமாப் போச்சா?"

"பூனைச் சாப்பாடு விசமில்ல. எப்பவாவது நாலு களவாத் தின்டா ஒண்டும் ஆகாது. ஆனா அதுல கொழுப்புக் கூட. நாய்க்கு ஒவ்வொரு நாளும் குடுத்தா வயித்தால போகும், ஊதும், பிறகு பெரிய வருத்தத்துல கொண்டு போய் விடும். எவ்வளவு வெக்கிறீங்க?"

"ஒரு பிடி."

"ஒரு பிடிக்கு இப்படி ஆகாது. உண்மையச் சொல்லுங்க."

"வல்லாஹி ஒரு பிடிதான்! என்ட கையே சின்னக் கை!"

"உங்கட ஊர்ல மீன் எவ்வளவு பட்டது எண்டு கேட்டாலும் ஒரு பிடி எண்டுதானே சொல்லுவாங்க. இண்டையோட நிப்பாட்டுங்க. நாளைக்கு வெறும் சோறும் அவிச்ச கோழியும் வைங்க. உப்புப் போடாதீங்க. வெங்காயம் போடவே போடாதீங்க, அதுதான் நாய்க்கு விசம். இன்னும் ரெண்டு நாள் அந்த பிஸ்கட்டத் தின்டா எனக்குப் போன் எடுக்காதீங்க. மம்பட்டியத் தேடுங்க."

போனை வைத்ததும் றைஸாவுக்குக் கை நினைவு வந்தது. நாயின் நாக்குப் பட்ட கை. மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. கிணற்றடிக்கு ஓடினாள். மண் போட்டு முடித்து, மூன்றாவது வாளியில் நிற்கும்போது முனாஸ் வந்துவிட்டான்.

"என்ன புள்ள, கையில மண்?"

"மீன் நாத்தம்," என்றாள். அன்று அந்த வீட்டில் மீனே இல்லை.

முனாஸ் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அவனுடைய வலது கையும் முழங்கை வரை நனைந்திருந்தது. நகக்கண்ணில் மண்.

"எஞ்சின் எண்ணெய்," என்றான், அவள் கேட்கும் முன்னமே. "மண் போட்டுத் தேய்ச்சாத்தான் போகும்."

"ஓம் ஓம்," என்றாள் றைஸா. தன் கை தப்பியதே அவளுக்குப் பெரிய காரியம்.

"சீனிட பக்கட் முடியப்போகுது போல," என்றான் முனாஸ்.

றைஸா வாளியைக் கீழே வைத்தாள். "அது... இப்ப நல்லாத் தின்னுது."

"தின்னும் தின்னும். வளர்ற புள்ளதானே," என்றான் அவன் அவசரமாக.

ஒன்பது வயதுச் சீனி ஜன்னலில் கிடந்தபடி இருவரையும் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"ஜும்ஆ தொழுது முடிஞ்சு கற்பிட்டிக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு வாறன். பெரிய பக்கட்டா." போகும்போது வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "அந்த நாய் இன்னும் இங்கதான் நிக்குதா?"

"எந்த நாய்?"

"நிக்கல்லதானே? அதுதான் கேட்டன். கண்டாச் சொல்லு. வள்ளம் ரெடி."

அன்று முழுக்க றைஸா ஒரு பிஸ்கட் வைக்கவில்லை. பின்னேரம் எட்டிப் பார்த்தாள். நாயின் வயிறு கொஞ்சம்கூட வற்றவில்லை. தன் சின்னக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த ஒரு பிடியா ஒரு சீவனைக் கொல்லப் போகிறது? அடுப்படியில் வெங்காயம் இல்லாத கோழி தனியாக அவிந்தது. முனாஸ் என்ன வாசம் என்று கேட்டதற்குச் சீனியைக் கை காட்டினாள்.

மறுநாள் காலை, முனாஸ் தொழுதுவிட்டுப் பள்ளியால் வருமுன் முடித்துவிடலாமென்று, சோற்றுச் சட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு றைஸா வாடிக்குப் பின்னால் போனாள். நாய் எழும்பி நின்றது. அதற்கு முன்னால் தொப்பியோடு குந்தியிருந்த முனாஸ், பெரிய பக்கட்டை அப்படியே சிரட்டையில் கவிழ்த்துவிட்டு, அதன் காதுக்குள் சொன்னான்:

"மெதுவாக் கடிடா மகன், றைஸாக்குச் சத்தம் கேட்டிரும்."